பயிற்சி ஏட்டின் முதல் பக்கம்

"ஆடி, மூன்றாம் செவ்வாய், இரண்டாம் பீரியட். வரலாறும் தமிழும் சேர்த்து நாற்பத்தொரு பேர். மின்னஞ்சல் முகவரி உள்ளவர்கள்: எல்லோரும். அதன் கடவுச்சொல் தெரிந்தவர்கள்: ஐந்து பேர்."

என் நாட்குறிப்பில் அந்த வகுப்பைப் பற்றி இருக்கும் முதல் பதிவு இது. எங்கள் வீட்டில், சேலம் டவுனில், பிறப்பு, நிக்காஹ், மௌத்து எதுவானாலும் ஹிஜ்ரி மாதத்தையும் தமிழ் மாதத்தையும் சேர்த்து ஒரு நோட்டில் குறித்துவைப்பார்கள். அந்தப் பழக்கம் என்னிடம் வந்தபோது அளவு மீறிவிட்டது. பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, பாடம் எந்தப் பத்தியில் நின்றது, யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் எழுதுவேன். ஆகவே இங்கே சொல்லப்போவதில் நாள் தவறியிருக்காது. மற்றவை தவறியிருக்கலாம்.

நான் வரலாறு படித்தவள். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் பத்தாண்டுகளுக்கு மேலாக வரலாறு சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வோர் ஆண்டும் ஆனியில் புதுப்பிக்கப்படும் தற்காலிக வேலை. கலைப் பிரிவு மாணவர்களுக்கும் கணினித் திறன் ஒரு பாடம் என்று வந்தபோது கணினித் துறையில் யாரும் அதைத் தொட விரும்பவில்லை. "அவங்களுக்கு மவுஸ் புடிக்கச் சொல்லிக் குடுக்கறதுக்கே ஒரு செமஸ்டர் ஓடிப்போயிருமுங்க" என்று அந்தத் துறையின் தலைவர் ஆசிரியர் அறையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். முதல்வர் சுற்றுமுற்றும் பார்த்தார். கலைப் பிரிவில் தன் கேள்வித்தாளைத் தானே தட்டச்சு செய்துகொண்டு வருபவள் நான் ஒருத்திதான். பாடம் என் தலையில் விழுந்தது.

அந்த நாற்பத்தொரு பேருக்கும் கைப்பேசி மூன்றாவது கை. பணம் அனுப்புவார்கள், படம் எடுத்து வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பார்கள். ஆனால் ஒரு கடிதத்தைக் கோப்பாகச் சேமித்துப் பெயர் வைத்து இணைத்து அனுப்பச் சொன்னால் திணறிப்போவார்கள். எதையும் படம் பிடித்து வாட்ஸப்பில் தள்ளிவிடுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே அஞ்சல். மின்னஞ்சல் என்பது போன் வாங்கும்போது கடையில் கேட்பதால் வந்து சேர்ந்த ஒன்று.

"பாஸ்வேர்ட் என்ன?"

"அது கடைக்காரண்ணனுக்குத் தாங்க தெரியும், மிஸ்."

"மாற்றிக்கொள்ளலாமே."

"மாத்துனா ஓ.டி.பி. எங்கப்பாவுக்குப் போவுங்க. அவரு சத்தீஸ்கர்ல ரிக்ல இருக்காருங்க."

ரிக் என்றால் இங்கே ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அப்பாவோ அண்ணனோ அதில்தான் வேலை. மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் இருப்பார்கள். ஊரில் இருக்கும் பிள்ளையின் கணக்கு அவர்களுடைய எண்ணில்தான் கட்டப்பட்டிருக்கும். ஆகவே என் முதல் செய்முறை வகுப்பு, பிள்ளைகள் வரிசையாக நின்று வெளிமாநிலங்களுக்குப் போன் போட்ட வகுப்பாக முடிந்தது.

அவர்களில் ஒருத்தி, இரண்டாம் ஆண்டு வரலாறு, ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு பேசினாள். அந்தப் பக்கம் கம்ப்ரசர் சத்தம்.

"அப்பா, ஒரு ஆறு நம்பரு வந்திருக்கும் பாருங்க. அதச் சொல்லுங்க."

"யாரது? பேங்க்காரனா? நெம்பரெல்லாஞ் சொல்ல முடியாது, போ."

"அப்பா, நாந்தானுங்க பேசறேன்."

"குரலெல்லாம் இப்ப மெசின்லயே செய்யறானுங்கொ. எம்புள்ளன்னா உங்க ஆயா ஊரு எதுன்னு சொல்லு பாக்கலாம்."

அவள் பாட்டியின் ஊரைச் சொன்னாள். அதற்குள் எண் காலாவதியாகிவிட்டது. மறுபடி கேட்டு வாங்கியபோது அவர் நான்கு எண்களைச் சொல்லிவிட்டு, "மிச்சம் ரெண்டு அப்புறஞ் சொல்றேன், இப்பத் தண்ணி வருது" என்று வைத்துவிட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். மூன்றாம் முறை கணக்கு திறந்தது. திரையின் மூலையில் அவள் பெயர் இல்லை. ஏதோ ஒரு போர்வெல்ஸ் பெயர் இருந்தது. அப்பாவுக்கு ரிக் ஆபீசில் கொடுத்த பழைய போனாம், கணக்கும் ஆபீஸ் பெயரில் இருந்ததாம்.

"மாற்றிக்கொள்" என்றேன்.

"இருக்கட்டுமுங்க மிஸ். மாத்துனா மறுபடியும் எங்கப்பாகிட்ட எங்க ஆயாவப் பத்திப் பேசோணும்."

நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பாடத்துக்குத் தமிழில் கையேடு எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் உதாரணங்கள் எல்லாம் விமானப் பயணத்துக்கும் ஓட்டல் முன்பதிவுக்கும் இருந்தன. ஆகவே நானே ஒரு பயிற்சி ஏடு எழுத முடிவு செய்தேன். புரட்டாசியில் ஒரு நாள், ஒரே ஆவணத்தில் பலர் சேர்ந்து எழுதுவது எப்படி என்று காட்டுவதற்காக, போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு வகுப்பே சேர்ந்து ஒரு கடிதம் எழுதியது. நான்கு இருபது பேருந்து கல்லூரி வாசலில் நிற்காமல் போகிறது என்பது பொருள். நாற்பத்தொரு பேரும் ஒரே பக்கத்தில் ஒருவர் வரியை ஒருவர் அழித்துச் சண்டை போட்டார்கள். "நிக்கறதேயில்லை"யை "நிற்பதில்லை" ஆக்கியவன் யார் என்று பழைய பதிப்புகளைத் திறந்து கண்டுபிடித்தார்கள். திருத்த வரலாறு என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டிய தேவையே வரவில்லை. இரண்டு வாரத்தில் பேருந்து வாசலில் நிற்கத் தொடங்கியது. கடிதத்தால்தான் நின்றதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று முதல் அந்த வகுப்பு என்னுடையதாகிவிட்டது. பத்தாண்டு வரலாறு சொல்லிக்கொடுத்தும் வராத ஒன்று அது.

ஐப்பசியிலிருந்து மாசி வரை பயிற்சி ஏடு வளர்ந்தது. நான் பேனாவால்தான் யோசிப்பேன். முழுத்தாளில் எழுதிக்கொண்டு போவேன். ஆய்வகக் கணினிகளில் எல்லோருக்கும் ஒரே பொது உள்நுழைவு, மாலையில் அணைத்தால் அன்று செய்த எல்லாம் அழிந்துவிடும்படி வைத்திருந்தார்கள். ஆயா ஊரைச் சொல்லிக் கணக்கைத் திறந்த அந்த ரிக்காரர் மகள்தான் தமிழை இரண்டு கட்டைவிரலாலும் யாரும் நம்ப முடியாத வேகத்தில் அடிப்பவள். என் தாள்களை வாங்கிக்கொண்டு போய்த் தன் போனிலேயே, தன் கணக்கிலேயே ஆவணமாக்கினாள். அவளுக்கு அதையே செய்முறைத் திட்டமாகக் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

"மிஸ், உங்க எழுத்தப் படிக்கறதுக்கே ஒரு கையேடு வேணுமுங்க. 'ழ' எழுதறீங்களா, கோழி கீறி வெச்சிருக்குதா?"

"அடிக்கிறதை அடி."

"'கோப்புறை'ன்னு போட்டிருக்கீங்க. யாருக்குங்க புரியும்? ஃபோல்டர்னே போட்டர்றேன்."

"சரி, போடு."

"'பயனர்'?"

"அதையும் நீயே பார்த்துக்கொள்."

இந்தப் பேச்சுகள் எல்லாம் தேதியோடு என்னிடம் இருக்கின்றன. அப்போது அவற்றைச் சிரிப்புக்காகத்தான் எழுதிவைத்தேன்.

இனி என் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணினித் துறையில் விரிவுரையாளர், என்னைவிட எட்டு வயது இளையவள், அவளும் தற்காலிகம்தான். மோகனூரில் பிறந்து, கல்யாணமாகி ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் குடிவந்தவள். சேலத்திலிருந்து ஒரே பேருந்தில், ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில், ஏழாண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தோம். முதலில் ஏறுகிறவள் மற்றவளுக்குத் துப்பட்டாவோ பையோ போட்டு இடம் பிடிப்பாள். சங்ககிரி தாண்டும்போது டிபன் டப்பாவைத் திறப்பது அவள் வழக்கம். ரமலான் மாதத்தில் மட்டும் திறக்க மாட்டாள். "நீங்க பட்டினியா உக்காந்திருக்கறப்ப எனக்கு எறங்குமாங்கக்கா?" என்பாள். கல்லூரிக்குப் போய்த்தான் சாப்பிடுவாள்.

ஏட்டைப் பற்றி முதலில் சொன்னது அவளிடம்தான்.

"நீங்க எழுதித் தள்ளுங்கக்கா. படம் புடிச்சுப் போடறது, பக்கம் கட்டறது எல்லாம் நாம் பாத்துக்கறேன்."

மாணவியிடம் சொல்லி ஆவணத்தை எங்கள் இருவருக்கும் பகிரச் செய்தேன். நான் அதைத் திறந்து படிப்பேன். திருத்தம் தோன்றினால் தாளில் குறித்து மாணவியிடம் கொடுத்துவிடுவேன். நானே கை வைத்தால் வரிசை குலைந்துவிடும் என்ற பயம். பங்குனியில் பதினோரு பயிற்சிகளும் முடிந்தன. நூற்றுப்பத்துப் பக்கம். கையெழுத்துத் தாள்களை மாணவி திருப்பித் தர வந்தபோது, "எனக்கெதற்கு, ஃபைல்தான் இருக்கிறதே" என்று சொன்னேன். வாழ்நாளில் முதல்முறையாகத் தாளை வேண்டாம் என்று சொன்ன நாள் அது. பங்குனி, கடைசி வியாழன்.

சித்திரையில் நிர்வாகம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. கலைப் பிரிவின் கணினித் திறன் பாடத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர். நிரந்தரப் பணி, ஓர் இடம்தான். இந்தப் பாடத்தில் நூல் எழுதியவர்களுக்கு முன்னுரிமை. வயது வரம்பு போட்டிருந்தார்கள். அதன்படி எனக்கு அந்த ஒரு முறைதான் விண்ணப்பிக்க முடியும். அடுத்த ஆண்டு நான் வரம்பைத் தாண்டிவிடுவேன். ஒவ்வோர் ஆனியிலும் அலுவலக வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இனி இல்லை என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அதையும் முதலில் அவளிடம்தான், பேருந்தில் சொன்னேன்.

"உங்களுக்குன்னே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குதுங்கக்கா" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள் என்று அன்றைய பதிவில் இருக்கிறது. ஏன் அதைக் குறித்தேன் என்று தெரியவில்லை.

பக்கம் கட்டிய பிரதியை விண்ணப்பத்தோடு இணைக்கக் கேட்டேன். "இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி இருக்குதுங்கக்கா." அடுத்த வாரம் கேட்டேன். "பிரிண்டர் மக்கர் பண்ணுதுங்கக்கா." மூன்றாம் வாரம், "நாளைக்குக் கண்டிப்பா." என்னிடம் இருந்தது மாணவி எப்போதோ எடுத்துக் கொடுத்த ஒரு மாதிரி அச்சு மட்டும். படம் இல்லை, பக்க எண் இல்லை. கடைசி நாளில் அதையே இணைத்து விண்ணப்பித்தேன்.

வைகாசி இரண்டாம் திங்கட்கிழமை முதல்வர் அறைக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கப் போனேன். மேசையில் நீல அட்டை போட்ட புத்தகம் ஒன்று கிடந்தது. அட்டையில் என் தலைப்பு. அதன் கீழே என் தோழியின் பெயர். கையில் எடுத்துப் புரட்டினேன். பேருந்துக் கடிதம் இருந்தது. ஃபோல்டர் இருந்தது. முன்னுரையின் கடைசி வரி: "மொழித்திருத்தம் செய்து உதவிய சக ஆசிரியைக்கு நன்றி." பெயர்கூட இல்லை.

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். பதிவேட்டில் கையெழுத்து வாங்கினேன். வெளியே வந்து, மணி பதினொன்று பத்து என்று குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் உட்கார இடம் தேடினேன்.

அன்று மாலைப் பேருந்தில் அவள் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. ஒரு மணி நேரம் முந்திய வண்டிக்கு மாறிவிட்டாள் என்று நடத்துநர் சொன்னார். "ஏனுங்க மேடம், ரெண்டு பேருக்கும் லடாயிங்களா?" என்று சிரித்தார். மூன்றாம் வரிசையில் என் பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர் கோழித்தீவன மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

நான் எழுத்தில் புகார் கொடுத்தேன். வியாழக்கிழமை முதல்வர் எங்களைக் கூப்பிட்டார். அறையில் நாங்கள் நான்கு பேர்: முதல்வர், நான், தோழி, சாட்சியாக அந்த மாணவி.

"என்னம்மா இது, ஒரே புஸ்தகத்துக்கு ரெண்டு பேரு சண்டைக்கு நிக்கறீங்க?" என்றார் முதல்வர்.

"சார், ஃபைலைத் திறந்து பாருங்கள். திருத்த வரலாற்றில் எல்லாம் இருக்கும்" என்றேன். நாற்பத்தொரு பேருக்குச் சொல்லிக்கொடுத்த நம்பிக்கையோடு சொன்னேன்.

மாணவி தன் போனில் ஆவணத்தைத் திறந்தாள். ஐப்பசியிலிருந்து பங்குனிவரை வரிவரியாக எல்லாத் திருத்தமும் இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே போர்வெல்ஸ் பெயர். அந்தத் திருத்தப் பட்டியலில் என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஏன் இருக்கும்? நான் ஒரு நாளும் அதில் ஓர் எழுத்தும் அடிக்கவில்லை.

முதல்வர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இதென்ன, போர் போடற கம்பெனிக்காரங்க எழுதுனதா? அப்ப உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு அவங்களத்தான் இன்டர்வியூக்குக் கூப்படோணும்."

தோழி லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ஏழாண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

அவளுடைய மடிக்கணினியில் இருந்த பிரதியைத் திறக்கச் சொன்னேன். அதில் அவள் பெயர்தான் இருந்தது. ஆனால் நூற்றுப்பத்துப் பக்கமும் ஒரே மாலையில், ஒரே நிமிடத்தில் வந்து விழுந்திருந்தன. "பாருங்கள் சார், நகல் எடுத்து ஒட்டியது" என்றேன்.

"ஆஃப்லைன்ல எழுதி வெச்சிருந்ததக் கொண்டாந்து போட்டேனுங்க சார்" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, ரொம்ப மென்மையாக, "அக்கா தமிழப் பாத்துக் குடுத்தாங்க சார். அத நான் மறைக்கலீங்களே. நன்றி போட்டிருக்கேனே" என்றாள்.

"ஃபைலின் முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது, சார். என் நாட்குறிப்பில் ஒவ்வொரு பயிற்சியும் முடிந்த தேதி இருக்கிறது."

"மொதப் பக்கத்துல பேர யாரு வேணும்னாலும் தட்டலாம், டைரிய எந்த நாள்ல வேணும்னாலும் எழுதலாமுங்களே" என்றார் முதல்வர். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு சாதாரண உண்மை. என்னை அன்று அதிகம் அடித்தது அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

அவர் மாணவியைப் பார்த்தார். "நீ சொல்லு சாமி. உனக்கு எழுதிக் குடுத்தது யாரு?"

அவள் இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பேப்பர் வந்துச்சுங்க சார். நான் தட்டுனேன்."

"யாரு கொண்டாந்து குடுத்தது?"

"ரெண்டு மிஸ்ஸும் வருவாங்க, போவாங்க."

"கையெழுத்து யாருதுன்னு தெரியுமில்ல?"

"கவனிக்கலீங்க."

"அந்தப் பேப்பரெல்லாம் இருக்குதா?"

"ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சப்ப எடுத்துப் போட்டுட்டாங்க."

கோழி கீறி வெச்சிருக்குதா என்று ஐந்து மாதம் என்னைக் கிண்டல் செய்தவள் கவனிக்கவில்லையாம். நான் அவளையே பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. முதல்வர் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியதாக எடுத்துக்கொள்வதாகவும், அட்டையை அடுத்த அச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்றும், கல்லூரிப் பெயர் கெடக்கூடாது என்றும் சொன்னார். நாங்கள் எழுந்தோம்.

தாழ்வாரத்தில் மாணவியை நிறுத்தினேன். கோபத்தை அடக்கத் தெரியாத குரலில்தான் கேட்டேன்.

"ஏம்மா, உனக்கு நான் என்ன செய்தேன்? அவள் உனக்கு ஏதாவது தருகிறேன் என்றாளா?"

"இல்லீங்க."

"மிரட்டினாளா?"

"இல்லீங்க மிஸ்."

"பின்னே?"

அவள் போனைப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்: "மொதப் பக்கத்தையும் நாந்தானுங்க தட்டுனேன்."

அவ்வளவுதான். நூலகப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

அது அப்போது எனக்குப் புரியவில்லை. ஏதோ பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். திரும்பும் பேருந்தில், மகுடஞ்சாவடி தாண்டியபோது, பையிலிருந்த மாதிரி அச்சை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கம். தலைப்பு. அதற்குக் கீழே "எழுதியவர்" என்று போட்டு என் பெயர், என் பட்டங்கள், என் துறை. அந்தப் பக்கத்தை ஒரு தாளில் எழுதி, இதை இப்படியே நடுவில் போடு என்று அம்புக்குறி வரைந்து அவளிடம் கொடுத்தது நான்தான். தட்டச்சு யார் என்றுகூட அதில் இல்லை. ஃபோல்டர் என்று மாற்றியது யார், பயனர் என்ற சொல்லை எல்லாப் பக்கத்திலும் தேடி எடுத்துவிட்டு "போனை வைத்திருப்பவர்" என்று போட்டது யார் என்பதும் இல்லை. அவள் அதைத் தட்டிவிட்டு, நடுவில் சரியாக வந்திருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். சரியாக வந்திருக்கிறது என்றேன். மாசி, இரண்டாம் புதன். எழுதிவைத்திருக்கிறேன்.

இதனால் என் தோழி செய்தது சிறியதாகிவிடவில்லை. அதை இங்கே தெளிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்ட சிலர் உடனே என்னைப் பார்த்து, நீங்களும்தானே அப்படிச் செய்தீர்கள் என்று கணக்கைச் சமன் செய்யப் பார்க்கிறார்கள். நான் ஒரு பெயரைச் சேர்க்க மறந்தேன். அவள் ஒரு பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை வைத்தாள், அதற்கு மூன்று வாரம் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாள். ரமலானில் டப்பாவைத் திறக்காமல் இருந்தவளும் அவள்தான். அது நடிப்பில்லை. ஏழு ரமலானும் என் குறிப்பில் இருக்கின்றன. அந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பார்க்க எனக்கு இன்றுவரை வரவில்லை.

ஆனியில் நேர்காணல் நடந்தது; அந்த நீல அட்டைப் புத்தகத்தோடு தோழியும் விண்ணப்பித்திருந்தாள். எனக்குப் பத்து நிமிடம். மாதிரி அச்சைப் பார்த்துவிட்டு, "இது வெளிவந்துவிட்ட நூலின் வரைவுதானே?" என்று ஒருவர் கேட்டார். விளக்கத் தொடங்கினேன். அது முதல்வர் தீர்த்துவைத்த விஷயம் என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பணி அவளுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு என் வேலை புதுப்பிக்கப்படவில்லை. புகாருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

நேர்காணல் குழுவினர் அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். அலுவலகத்தில் எனக்கு வேண்டிய ஒருவர் அதைப் படித்துக் காட்டினார். நூலின் ஐந்தாம் பயிற்சியைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். அட்டவணைக் கோப்பு பழக்குவதற்கான பயிற்சி அது. வெளிமாநிலத்தில் இருக்கும் அப்பா போன் செய்யும் ஒவ்வொரு முறையும் தேதி, எந்த ஊரிலிருந்து பேசினார், என்ன சொன்னார் என்று ஒரு வரி போட வேண்டும். கடைசிக் கட்டத்தில், அவர் வீட்டைவிட்டுப் போய் எத்தனை நாளாயிற்று என்பதை அட்டவணையே கழித்துச் சொல்லும்படி ஒரு சூத்திரம் அமைக்க வேண்டும். இந்தப் பகுதி மாணவர்களின் வாழ்க்கையை இவ்வளவு நெருக்கமாக அறிந்த ஆசிரியர் இவர் என்று குழு எழுதியிருந்தது.

என் பயிற்சியால் என் இடத்தை அவள் வாங்கினாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து நிர்வாகத் தலைவருக்கு நேரடியாக ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். முதல்வர் ஏற்காவிட்டாலும், பதினோரு பயிற்சிக்கும் பதினோரு தேதி, அவை தோன்றிய சூழல், யார் யார் கூட இருந்தார்கள் என்று வரிசையாகக் கொடுத்தால் வெளியாள் ஒருவர் ஏற்கலாம். ஒரே நாளில் யாராலும் இவ்வளவு நுணுக்கமாகக் கற்பனை செய்ய முடியாது.

முதல் பயிற்சி: ஐப்பசி, முதல் வெள்ளி, பேருந்தில் தோன்றியது. இரண்டாவது: அதே மாதம், நூலகத்தில். மூன்றாவது, புரட்டாசியில் வகுப்பு சேர்ந்து எழுதிய பேருந்துக் கடிதம். நான்காவது, கார்த்திகை, மழைக்கு விடுமுறை விட்ட நாள். ஆறிலிருந்து பதினொன்று வரையும் கிடைத்தன. சிலவற்றுக்கு மணிகூட இருந்தது.

ஐந்தாவதற்கு ஒன்றும் இல்லை. கார்த்திகையும் மார்கழியும் நாள் விடாமல் எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் விடுபடவில்லை. அந்தப் பயிற்சியைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. ஆய்வகத்தின் கடைசி மேசையில் நின்று, நானே அதைச் சொன்னதாக எனக்கு நினைவு இருக்கிறது. என் குரல்கூடக் கேட்கிறது. ஆனால் என் அத்தா, என் தகப்பனார், சேலம் டவுனில் வைத்திருந்த கடையைவிட்டு எங்கும் போனவர் இல்லை. போனில் ஊர்ப் பெயர் கேட்டுக் காத்திருந்த வீடு எங்களுடையது இல்லை. கையெழுத்துத் தாள் இருந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதில் ஐந்தாம் பயிற்சி இருந்ததா, அல்லது நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் தட்டச்சிலேயே முளைத்ததா என்று.

அந்த மாணவிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஒரே கேள்வி: ஐந்தாம் பயிற்சியை முதலில் சொன்னது யார்? குற்றம் சொல்லும் வார்த்தை எதுவும் இல்லாமல், மூன்று முறை திருத்தி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை.

மனுவை அனுப்பவில்லை. பத்துத் தேதிகளோடு அனுப்பியிருக்கலாம். ஐந்தாவதை விட்டுவிட்டு அனுப்பினால் அதையே கேட்பார்கள், சேர்த்து அனுப்பினால் தேதி வேண்டும். தேதி இல்லாத ஒன்றுக்கு இதுவரை நான் கையெழுத்துப் போட்டதில்லை. மனுவின் நகல் என் நோட்டில் ஒட்டியிருக்கிறது. ஐந்தாம் எண்ணுக்கு நேரே பென்சிலில் எழுதியிருப்பதை அப்படியே இங்கே தருகிறேன்: நாள் தெரியவில்லை, முதலில் சொன்னது நானா, அந்த மாணவியா என்பது உறுதிசெய்யப்படவில்லை.